அரை ஆள் தூக்கிய பெட்டிகள்

அந்த வீட்டுப் பெண்ணுக்கு வாரத்தில் மூன்று நாள் வயிற்றுவலி. மூன்றாம் வகுப்பு படிக்கிற வயதில் அப்படி என்ன வலி என்று பதறிப்போய் டாக்டரிடம் காட்டினார்கள். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், "ஒண்ணுமில்லையே, நல்லாத்தானே இருக்கா" என்று அனுப்பிவிட்டார். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமைகளில் அவள் நன்றாகத்தான் இருப்பாள்.

விஷயத்தைக் கண்டுபிடித்தது அப்பா. அவர் எலக்ட்ரீஷியன். விளக்கு எரியவில்லை என்றால் பல்பைத் திட்டாமல் வயர் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போகிறவர். ஒருநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த பள்ளி டைம்டேபிளை மேலும் கீழும் பார்த்தவர், வாயில் நுரையோடு மனைவியைக் கூப்பிட்டார்.

"இங்க வந்து பாரு. திங்கள், புதன், வெள்ளி. வலி வர்றதும் அன்னைக்குத்தான், கணக்கு கிளாஸ் வர்றதும் அன்னைக்குத்தான். லைன் இங்கிருந்துதான் வருது."

அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. வேறு எந்தப் பாடமாக இருந்திருந்தாலும் தாங்கியிருப்பாள். அவளுடைய வேலையே சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குப் புத்தகம் எழுதுவது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்கை ஊட்டிவிடக் கிளம்பியவளின் சொந்தப் பிள்ளை, போர்வைக்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறது. வெளியே சொன்னால் வெட்கக்கேடு, சொல்லாவிட்டால் நெஞ்சுவலி. மகள் கெட்டிக்காரிதான். பேசத் தொடங்கினால் வாயை மூடவைக்க முடியாது, அதனால் வீட்டில் அவளுக்கு 'வாலு' என்றே பெயர். அந்த வாலு, எண்ணைக் கண்டால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடுவாள்.

அம்மா வேலை பார்த்தது ஒரு சின்னப் பதிப்பகத்தில். மாடியில் ஒரே நீளமான அறை. கீழே அச்சு இயந்திரம் ஓடினால் மேலே மேசையில் இருக்கும் பேனாக்கள் தாமாக நகர்ந்து தரையில் விழும். அவளுக்குக் கொடுத்திருந்த பொறுப்பு கதைக்கணக்கு. எண்களை மட்டும் எழுதிக் கூட்டு, கழி என்று சொல்லாமல், 'ஒருவரிடம் பன்னிரண்டு பென்சில்கள் இருந்தன, அவர் மூன்று பேருக்குப் பகிர்ந்து கொடுத்தார்' என்று ஆள் வைத்துக் கேட்கிற கணக்கு. பல வருடமாக எழுதி எழுதி, பென்சிலைப் பகிர்ந்து கொடுக்கிறவர்களே அவள் தலைக்குள் ஒரு கூட்டமாக நின்றார்கள்.

அவளுடைய மேலாளருக்கு அலுவலகத்தில் 'ரப்பர் சார்' என்று பெயர். எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் சட்டைப்பையிலிருந்து ஒரு வெள்ளை ரப்பரை எடுத்துக்கொண்டுதான் படிக்கவே தொடங்குவார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் காகிதம் வெள்ளையாக இருந்தால்தான் அவருக்கு மூச்சு சீராக வரும்.

"பாருங்கம்மா, இந்தக் கதையெல்லாம் எந்தப் பிள்ளையும் படிக்கிறதில்ல. நேரா எண்ணைப் பொறுக்குது, கூட்டுது, போகுது. நமக்குப் பக்கம்தான் வீண்" என்றார் அவர், ஒரு பென்சில்காரரைத் தடயமில்லாமல் அழித்தபடி. "வர்ற வெள்ளிக்கிழமை ஏதாவது ஒரு கிளாஸ்ல நடத்திப் பார்ப்போம். நானும் வந்து உட்கார்றேன். பிள்ளைங்க கொட்டாவி விட்டா, கதைக்கணக்கு மொத்தமும் வெளியே. நீங்க கையெழுத்துப் புத்தகத்துக்கு மாறிக்கோங்க."

கையெழுத்துப் புத்தகம் என்றால் புள்ளி வைப்பது. பிள்ளைகள் மேலே எழுதிப் பழகுவதற்காக ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக அச்சிடுவார்களே, அந்தப் புள்ளிகள் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவள் பல பள்ளிகளில் ஒரு வகுப்பு கேட்டாள். தேர்வு நேரம், இப்போது முடியாது என்று எல்லோரும் கையை விரித்தார்கள். சரி என்று சொன்னது ஒரே ஒரு டீச்சர். அது வாலுவின் வகுப்பு டீச்சர். சோதனை வேறு எங்கும் போகாமல் நேராக வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

அன்று சாயங்காலம், பாதி துடைத்த சாப்பாட்டு மேசையில் மகளை உட்காரவைத்து, எழுதியதைப் படித்துக் காட்டினாள்.

"ஒரு தோட்டக்காரர் காலையில் பதினைந்து செடிகள் நட்டார். மாலையில் ஒன்பது செடிகள் நட்டார்..."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? நட்டாரு."

"மத்தியானம் ஏன் நடல?"

"தூங்கியிருப்பாரு. நீ மொத்தம் எத்தனைன்னு சொல்லு."

வாலு மேசையில் விழுந்திருந்த தண்ணீரை விரலால் இழுத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள். இத்தனை வருட வேலையில் அம்மாவை யாரும் கேட்காத கேள்வி.

"கணக்கு முடிஞ்சதும் அவரு எங்கம்மா போவாரு?"

"யாரு?"

"தோட்டக்காரரு. அடுத்த கணக்குல வேற யாரோ பஸ்ல போறாங்க. அதுக்கு அடுத்ததுல யாரோ ரிப்பன் வெட்டுறாங்க. யாருமே திரும்பி வர்றதில்ல. இப்பதான் ஒருத்தரப் பத்தி யோசிக்க ஆரம்பிப்பேன், அதுக்குள்ள டீச்சர் அடுத்த கணக்குக்குப் போயிடுவாங்க. எல்லாரும் எழுதி முடிச்சிருப்பாங்க. நான் மட்டும் அங்கயே நிப்பேன். அப்பதான் வலிக்கும்."

அம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. கதையை யாரும் படிப்பதில்லை என்று ரப்பர் சார் அடித்துச் சொன்னாரே! படிக்கிற பிள்ளை ஒன்று வீட்டிலேயே இருந்திருக்கிறது. படித்ததுதான் அது செய்த குற்றம்.

எழுதி வைத்திருந்த தாள்களை எல்லாம் மேசையிலிருந்து ஒதுக்கினாள். "சரி, இனிமே யாரும் எங்கயும் போகமாட்டாங்க. ஒரே குடும்பம். முதல் கணக்குலருந்து கடைசிக் கணக்கு வரைக்கும் அவங்கதான். என்ன பண்றாங்கன்னு நீ சொல்லு."

"வீடு மாறுறாங்க" என்றாள் வாலு, யோசிக்கவே இல்லாமல்.

அன்றைக்குத் தொடங்கியது. மாடி வீட்டில் அப்பா, அம்மா, ஒரு பெரியப்பா, ஒரு பெண், ஒரு பூனை. முதல் கணக்கில் மூட்டை கட்டுகிறார்கள். சமையல் பாத்திரம் ஒன்பது பெட்டி, துணி எட்டு பெட்டி, புத்தகம் ஏழு பெட்டி, மொத்தம் இருபத்து நான்கு. அந்த விடையை எடுத்துக்கொண்டுதான் அடுத்த கணக்குக்குப் போக வேண்டும். இடையில் பூனை காணாமல் போகிறது. அது எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வந்தது என்று ஒரு கணக்கு. மீன்தொட்டியைக் காலி செய்ய எத்தனை குவளை என்று ஒரு கணக்கு. ஐந்தாவது கணக்குதான் வகுத்தல்: கீழே லாரி நிற்கிறது. அது கிளம்புவதற்குள் ஓர் ஆளால் எட்டுப் பெட்டிகளை இறக்க முடியும். எத்தனை ஆட்களைக் கூப்பிட வேண்டும்? இருபத்து நான்கை எட்டால் வகுத்தால் மூன்று. கச்சிதம்! அந்தப் பாடமே மீதி இல்லாமல் வகுப்பது எப்படி என்பதுதான். மீதி என்ற ஆசாமி நான்காம் வகுப்புப் புத்தகத்தில்தான் வருவார்.

அப்பா குளித்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். "பெரியப்பா எதுக்கு வர்றாரு?"

"வேலை சொல்றதுக்கு. அவரு எதையும் தூக்கமாட்டாரு" என்றாள் வாலு.

"எங்க அண்ணனப் பார்த்தே எழுதின மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை, அம்மா பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, செருப்பு மாட்டிக்கொண்டிருந்த வாலு திடீரென்று நிமிர்ந்தாள். "அம்மா! அந்தப் பொண்ணோட சாமானெல்லாம் எங்க?"

"எந்த சாமான்?"

"கூழாங்கல்லு, உடைஞ்ச பொம்மை, பட்டன் டப்பா. அதெல்லாம் எப்படிப் பாத்திரத்தோட வைக்கிறது? அவளுக்கு நாலு பெட்டி வேணும்."

நேரமாகிவிட்டது, பஸ் போய்விடும். "சரி சரி, நாலு பெட்டி போட்டுடறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஓடினாள். சொன்ன சொல் தவறாதவள். அலுவலகத்தில் நுழைந்ததும் முதல் வேலையாக, முதல் கணக்கில் 'மகளின் விளையாட்டுச் சாமான்கள் நான்கு பெட்டி' என்று சேர்த்தாள். தாள்கள் கீழே போய் அச்சாகி, சூட்டோடு மேலே வந்தன. ஒன்றின் வாலை இன்னொன்று பிடித்துக்கொண்டு வருகிற கணக்குகள் என்பது அவளுக்கு அந்த அவசரத்தில் உறைக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை மகளுக்கு வயிறு வலித்தது. "அம்மாவும் வர்றேன்ல" என்று கெஞ்சிக் கூத்தாடிக் கிளப்பினாள். உண்மையில் அவளுக்குமே வலிக்கிற மாதிரிதான் இருந்தது.

வகுப்பில் பெரியவர்கள் உட்கார நாற்காலி இல்லை. ரப்பர் சார் கடைசி வரிசையில் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் முழங்கால் காதுக்குப் பக்கத்தில் வர உட்கார்ந்திருந்தார். முன்வரிசைப் பிள்ளைகள் கணக்கைவிட அவரைத்தான் அதிகம் பார்த்தார்கள். வாலு ஜன்னலோர இடத்தில் ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீச்சர் தாள்களைக் கொடுத்து, முதல் கணக்கைச் சத்தமாகப் படித்தார்.

முதலில் ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. இருபத்தெட்டு என்று சொன்னார்கள், எழுதினார்கள். பூனை காணாமல் போனதும் வகுப்பு கொஞ்சம் நிமிர்ந்தது. திரும்பி வந்ததும் கைதட்டல். மீன்தொட்டிக்கு வந்தபோது, மீனைக் குவளையில் வைப்பதா வாளியில் வைப்பதா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை. யாரும் கொட்டாவி விடவில்லை. அம்மா மெதுவாக மூச்சு விட்டாள். கொஞ்சம் சீக்கிரமாகவே விட்டுவிட்டாள்.

ஐந்தாவது கணக்கு. எல்லோரும் குனிந்து எழுதினார்கள். எழுதிக்கொண்டே இருந்தார்கள். மூன்று என்று ஒரு குரலும் வரவில்லை. கடைசியில் முன்வரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒருத்தி கை தூக்கினாள்.

"டீச்சர், மூணு பேரு தூக்கினாங்க. நாலு பெட்டி மாடியிலயே இருக்கு."

"எனக்கும் டீச்சர்! எனக்கும் நாலு!"

"எனக்கும்!"

டீச்சர் தாளின் பின்பக்கத்தில் இருந்த விடையைப் பார்த்தார். மூன்று என்று அச்சாகியிருந்தது. கணக்கு எழுதியவளைப் பார்த்தார். அவளுக்கு அந்த நொடியில்தான் எல்லாம் விளங்கியது. செருப்பு, பஸ், சரி சரி, நாலு பெட்டி. முதல் கணக்கில் ஏற்றிவிட்டு, ஐந்தாவதில் இறக்க மறந்துவிட்டாள். ரப்பர் சார் குட்டி நாற்காலியிலிருந்து எழ முயன்று, நாற்காலியும் கூடவே எழுந்துவர, மறுபடி உட்கார்ந்தார். அவருடைய கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.

"தப்பு என்னோடதுதான்" என்றாள் அவள். காது மடல்கள் சூடாகிவிட்டன. "பிள்ளைங்களா, முதல் கணக்குல அந்த நாலு பெட்டிய அடிச்சிடுங்க. இருபத்து நாலுன்னே வெச்சுக்குவோம். அப்ப மூணு ஆள் சரியா வரும்."

பிள்ளைகள் பென்சிலை எடுத்தார்கள்.

"அடிக்கக் கூடாது!"

வகுப்பே திரும்பியது. ஜன்னலோரத்தில் வாலு எழுந்து நின்றுகொண்டிருந்தாள். கணக்கு வகுப்பில் அவள் குரலை டீச்சர் கேட்டதே இல்லை. முகம் சிவந்திருந்தது.

"அந்த நாலு பெட்டியும் அந்தப் பொண்ணோடது. உங்க கணக்கு சரியா வரணும்னு அவ சாமான விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா? பாத்திரத்த விட்டுட்டுப் போங்க! அது கடையில கிடைக்கும்!"

அம்மாவுக்குச் சுரீர் என்றது. மகள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. வேலையைக் காப்பாற்றிக்கொள்ள, வாக்குக் கொடுத்த பெட்டிகளை ஊரறியத் தூக்கி எறிந்துவிட்டாள். "அடிக்க வேண்டாம்" என்றாள். பிறகு கொஞ்சம் உரக்கச் சொன்னாள். "யாரும் அடிக்காதீங்க. நாலு பெட்டியும் இருக்கட்டும். என்ன பண்ணலாம்னு நீங்களே சொல்லுங்க."

ரப்பர் சாரால் பொறுக்க முடியவில்லை. "இதுல என்ன இருக்கு? நாலு ஆளாக் கூப்பிட்டா முடிஞ்சுது!"

"நாலாவது ஆளு நாலு பெட்டிதான தூக்குவாரு? மிச்ச நேரம் என்ன பண்ணுவாரு?" என்று கேட்டான் ஒருவன்.

"சும்மா நிக்கட்டும்."

"நீங்க நிப்பீங்களா?"

நிற்பது இருக்கட்டும், அவரால் அப்போது எழுந்திருக்கவே முடியவில்லை.

வாலு யாரும் கூப்பிடாமலே பலகைக்குப் போனாள். சுண்ணக்கட்டியை எடுத்து இருபத்தெட்டுப் பெட்டிகளை வரைந்தாள். கோணல் மாணலாக, ஒவ்வொன்றாக, நாக்கைக் கடித்துக்கொண்டு. எட்டைச் சுற்றி ஒரு வட்டம். அடுத்த எட்டைச் சுற்றி இன்னொன்று. மூன்றாவது வட்டமும் போட்டாள். மிச்சமிருந்த நான்கின் முன்னால் நின்றாள்.

"முழு ஆளுக்கு எட்டு" என்றாள். "இது எட்டுல பாதி. அப்ப அரை ஆளு போதும்."

வகுப்பு வெடித்தது. அரை ஆள்! அரை ஆள் எப்படி இருப்பார்? மேல் பாதியா, கீழ் பாதியா? கீழ் பாதி என்றால் கையில்லாமல் எப்படித் தூக்குவார்?

"எங்க அண்ணனக் கூப்பிடலாம்" என்றாள் இரட்டைப் பின்னல். "எந்த வேலை சொன்னாலும் பாதியில விட்டுட்டுப் போயிடுவான்."

"எங்க மாமா! சாப்பிடும்போது மட்டும்தான் அவரு முழு ஆளு!"

"அந்தப் பெரியப்பா இருக்காரே, அவரு கால் ஆளு. ரெண்டே ரெண்டு பெட்டி தூக்குவாரு!"

கால் ஆள் என்றால் ஏன் இரண்டு பெட்டி என்று டீச்சர் கேட்க, நான்கு பேர் ஒரே நேரத்தில் விளக்கினார்கள். முக்கால் ஆள் என்றால் ஆறு என்று யாரோ கத்தினார்கள். பின்னம் என்ற பாடத்தை அவர்கள் இன்னும் தொட்டதுகூட இல்லை. கடைசி வரிசையிலிருந்து ஒரு விசித்திரமான சத்தம் கேட்டது. ரப்பர் சார் சிரித்துக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் யாரும் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை, அதனால் அம்மாவுக்கு முதலில் அவருக்குப் புரையேறிவிட்டதோ என்று பயம்.

வாலு மட்டும் சிரிக்கவில்லை. பலகையைப் பார்த்துத் தீவிரமாக யோசித்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பினாள்.

"யாரும் வேணாம். அந்தப் பொண்ணே தூக்கிக்குவா. எனக்குப் பஸ்ல அரை டிக்கெட்டுதான் வாங்குறாங்க. அவளும் என் வயசுதான். அப்ப அவதான் அரை ஆளு."

யாருக்கும் அதை மறுக்கத் தோன்றவில்லை. கண்டக்டரே ஒப்புக்கொண்ட கணக்கு. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெருமையாக இருந்தது அவளுக்கு, வேறொன்றுமில்லை. மணி அடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. லாரி கிளம்பிவிட்டதா, பூனை ஏறிக்கொண்டதா என்று தெரியாமல் எப்படிப் போவது? அடுத்த பாடத்துக்கு வந்த வேறொரு டீச்சர் வாசலில் நின்று நின்று அலுத்துப்போனார்.

வராந்தாவில் ரப்பர் சார் நின்றுகொண்டு தாளின் பின்பக்கத்தைத் திருப்பினார். ரப்பரை எடுத்தார். அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அச்சு மையை ரப்பரால் அழிக்க முடியாது என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் ஐந்தாவது விடையின் மேல், மூன்று என்ற எழுத்து மங்கும்வரை தேய்த்தார்.

"இந்த இடத்துல என்ன போடறது?" என்று கேட்டார்.

"வெள்ளையா விட்டுடலாம் சார். பிள்ளைங்க எழுதிக்கட்டும்."

வெள்ளை என்றதும் அவர் முகம் மலர்ந்தது. இரண்டடி நடந்து போனவர் நின்றார். "அந்த மீன் என்னம்மா ஆச்சு? குவளையிலயேவா இருக்கு இன்னும்?"

"அடுத்த பாடத்துல வெச்சிருக்கேன் சார்."

"சீக்கிரம் எழுதுங்க" என்றார். "மீன் பாவம்."

கையெழுத்துப் புத்தகத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே இல்லை. திங்கட்கிழமை காலையில் அம்மா பயந்துகொண்டே மகளின் போர்வையை விலக்கினால், கட்டிலில் ஆளில்லை. பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். அம்மாவும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வலி போய்விட்டது என்று உரக்கச் சொல்லிக்கொள்ளக்கூட இருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

மறுநாள் காலையில் போர்வைக்குள்ளிருந்து முனகல் கேட்டது.

"அம்மா, வயிறு வலிக்குது."

அம்மா ஓடிவந்து மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அப்பா ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு நேராக ஃபிரிட்ஜ் கதவுக்குப் போனார். டைம்டேபிளில் விரலை வைத்துத் தேடினார். செவ்வாய்க்கிழமைக் கட்டத்தை மேலிருந்து கீழாக இரண்டு தடவை பார்த்தார். பிறகு சத்தம் போட்டுச் சிரிக்கத் தொடங்கினார்.

"என்னங்க சிரிக்கிறீங்க? பிள்ளைக்கு வலிக்குதுங்கறா!"

"வலிக்காம என்ன பண்ணும்?" என்றார் அவர். "இன்னைக்குக் கணக்கு கிளாஸே இல்லையே!"